முதுகில் இரண்டு மடிப்பு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதிரில் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்த்துவிடுவேன். ஒரு தோள் ஏறி மற்றது இறங்கி இருக்கிறதா, முதுகு கூனுகிறதா, கை தடிப்பா என்று கண் தானாகவே அளந்து முடித்துவிடும். பாரிஸின் ரூ பெர்தொனே தெருவில் பதினெட்டு வருடமாகச் சாறிச் சட்டை தைக்கிறவளின் கண் வேறு எங்கே போகும்? வருகிறவர்களின் பெயர் எனக்கு மறந்துபோகும். அளவு மறக்காது.

அந்தச் சுவீடன்காரி கடைக்குள் வந்த அன்றும் அப்படித்தான். உயரமான மனிசி. வயது ஐம்பத்தெட்டு என்று பிறகு சொன்னார். கன்னம் ஒட்டி, கை மெலிந்து, பெரிய நோய் ஒன்றிலிருந்து எழும்பி வந்தவர் மாதிரி இருந்தார். கழுத்தின் அடியில் மெல்லிய வெட்டுத் தழும்பு. ஆனால் விலா மட்டும் இளைக்கவே இல்லை. முன்னும் பின்னும் அகலமாக, வேறு யாரோ ஒருவரிடம் இரவல் வாங்கியது போல நின்றது. இந்த உடம்புக்கு இந்த விலா எப்படி வந்தது என்று யோசித்தபடியே, "வாங்கோ மதாம்" என்றேன்.

அவர் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல் முனையில், எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடை ஒன்றுக்கு மேலே, ஐந்தாம் மாடியில் குடியிருந்தார். கண்ணாடிக்குள் தொங்கும் என் சட்டைகளை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டு போனாராம். இத்தனை சின்ன உடுப்பில் இத்தனை தையலா என்று நினைத்தாராம். அந்த ஒரு வார்த்தையில் என்னை விலைக்கு வாங்கிவிட்டார்.

நாங்கள் பேசியதெல்லாம் பிரெஞ்சு. அவருடைய பிரெஞ்சு சுவீடன் பிரெஞ்சு, என்னுடையது யாழ்ப்பாணப் பிரெஞ்சு. இரண்டு பேருமே பிழை விட்டதால் ஒருவரை ஒருவர் திருத்தவில்லை. ஆனால் என் ஞாபகத்தில் அவர் எங்கள் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

"நான் பாடுறனான்," என்றார்.

"கோயிலிலையோ?"

"ஒப்பெராவிலை, பாட்டாலையே நடிக்கிற நாடகத்திலை. சோப்ரானோ. பொம்பிளைக் குரலிலை ஆக மேல இருக்கிறது."

ஒப்பெரா என்றால் எனக்கு ரயில் மாறுகிற இடம். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மைக் இல்லாமல், எழுபது பேர் வாத்தியம் வாசிக்க, அதற்கு மேலால் கடைசி வரிசை ஆளுக்கும் கேட்கப் பாட வேண்டும் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஓமோம் என்று எங்கள் ஊர் ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டு உடுப்பை வாங்கி மேசையில் விரித்தேன்.

கடுநீலப் பட்டில் நிலம் தொடும் நீள உடுப்பு. இளைத்துப்போனதால் இப்போது சாக்கு மாதிரித் தொங்குகிறது, பிடித்துத் தர வேண்டும் என்றார். நான் உட்புறத்தைத் திருப்பினேன். தையல்காரிக்கு ஒரு உடுப்பின் முகம் உட்புறம்தான். பக்கத் தையலுக்கு அருகே நாலு வரிசை ஊசித் துளைகள் இருந்தன. நாலு முறை தைத்து, இடையில் மூன்று முறை பிரித்திருக்கிறார்கள்.

"இது ஆக உள்ளுக்கை இருக்கிறது முதல் தையல்," என்று நான் விரலை வைத்தேன். "அப்ப உங்களுக்கு முப்பது வயசு இருக்குமோ?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "முப்பத்தொண்டு. ஸ்டொக்ஹோமிலை தைச்சது. அதுவரைக்கும் மேடையிலை நான் வேலைக்காரி. தேத்தண்ணித் தட்டு கொண்டு வந்து நாலு வரி பாடிப்போட்டுப் போறவள். அந்த வருசம்தான் மணப்பெண் ஆனன்."

அடுத்த வரிசை அரை அங்குலம் வெளியே. ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்து மேடையில் ஆறு வருடம், வருடத்துக்கு எழுபது தடவை மணப்பெண்ணாகப் பாடி, எழுபது தடவையும் பாடி முடித்த கையோடு உருளைக்கிழங்கு சாப்பிட்டாராம். மூன்றாவது வரிசை இன்னும் வெளியே. குரல் பெருத்தது, உடம்பும் பெருத்தது, மணப்பெண் அரசியானாள். நாலாவது வரிசை திடீரென்று உள்ளே வந்திருந்தது. அதைத் தொட்டபோது அவர் தன் விரலையும் பக்கத்தில் வைத்தார். பிறகு, "கட்டின மனிசன் விட்டிட்டுப் போன வருசம்," என்றார். "அதுக்குப் பிறகு அரசி வேசம் குறைஞ்சுது. ஆரோ ஒருத்தியின்ர தாயாப் பாடினன்."

ஒரு பெண்ணின் கிட்டத்தட்ட முப்பது வருட வேலையை நான் ஒரு சாண் துணியில் வாசித்துவிட்டேன். எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று.

கழுத்துத் தழும்பின் கதையையும் அவரே சொன்னார். தைராய்டு கட்டி. வெட்டி எடுத்தபோது குரலுக்குப் போகும் நரம்பு அதிர்ந்துவிட்டது. ஒன்றரை வருடம் பாட்டு இல்லை. பிறகு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று வீட்டில் தனியாகப் பாடிப்பார்த்துக் குரலை மெல்ல மெல்லத் திருப்பி அழைத்திருக்கிறார். இன்னும் மூன்று வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பக்கத்துத் தேவாலயம் ஒன்றில் கச்சேரி. அது சரிவந்தால் அடுத்த வருடம் சுவீடனில் பாட அழைப்பார்கள்.

"சரிவராட்டி?" என்று கேட்டேன்.

"சரிவராட்டி இனி வாய் திறக்கமாட்டன். வீட்டிலையும் பாடமாட்டன்."

அதை அவர் அழாமல் சொன்னார். இந்த மனிசிக்கு நான் என் வாழ்க்கையிலேயே திறமான தையல் தைத்துக் கொடுப்பேன் என்று அப்போதே முடிவு செய்தேன். விபரீதம் அங்கேதான் தொடங்கியது.

அளவு எடுக்கும்போது அவர், "கொஞ்சம் இடம் விட்டுத் தையுங்கோ மதாம்," என்றார். "ஓமோம், விடுறன்" என்றேன். விடவில்லை. என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது விளங்கும். கொஞ்சம் லூசாத் தையுங்கோ என்று சொல்லாத பெண் கிடையாது. அவள் சொன்னதை நம்பி லூசாகத் தைத்தால், அடுத்த நாளே கல்யாண வீட்டிலிருந்து போன் வரும்: என்ன அக்கா, சட்டை சாக்கு மாதிரி இருக்கு. அதனால் நாங்கள் அந்த வார்த்தையைக் காதில் வாங்குவோம், கையில் வாங்கமாட்டோம். சட்டை என்றால் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். முதுகில் ஒரு சுருக்கம் விழுந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்த உடுப்பின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மடிப்புகள் இருந்தன. வெளியே தெரியாது. பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு அங்குலம் மடிந்து, தைக்கப்படாமல் சும்மா கிடந்தது. எவனோ வேலை தெரியாதவன், அதிகத் துணியை வெட்டப் பயந்து மடித்து விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். உச்சுக்கூடக் கொட்டினேன். இரண்டு மடிப்பையும் பிடித்து இறுக்கித் தைத்து, இஸ்திரிப் பெட்டியால் அமுக்கிவிட்டேன்.

போட்டுப் பார்த்தபோது உடுப்பு ஊற்றி வைத்தது போல நின்றது. அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "ஐயோ, இது நானோ?" என்று கேட்டார். நான் பின்னால் நின்று முதுகைத் தடவிப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு, லா கூர்னெவுக்குப் போகும் ரயிலில் இருக்க இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே சந்தோசமாகப் போனேன்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, அவர் அந்த உடுப்போடு திரும்பி வந்தார். கையில் மடித்து வைத்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. கதிரையை இழுத்துப் போட்டேன். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"குரல் முடிஞ்சுது மதாம்," என்றார்.

முதல் நாள் தேவாலயத்தில் பியானோக்காரரோடு ஒத்திகை. கச்சேரி உடுப்பைப் போட்டுத்தான் ஒத்திகை பார்ப்பது அவருடைய முப்பது வருட வழக்கம். கடைசிப் பாட்டில் நீளமான ஒரு வரி இருக்கிறதாம். ஒரே மூச்சில் பாடி, அதன் முடிவில் உச்சிக்குப் போக வேண்டும். "மூண்டு தரம் பாத்தன். மூண்டு தரமும் பாதி வழியிலை மூச்சு அறுந்து போட்டுது. அதே இடத்திலை. வீட்டிலை வரும், அங்கை வரேல்லை. வீட்டிலை பாடுறது ஆருக்கும் வரும்."

பயத்தில் அப்படி வரும், இன்னொரு முறை பாருங்கோ என்று பொதுவாக ஏதோ சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். இனிப் பாடவில்லை என்று திங்கட்கிழமை சுவீடனுக்குக் கடிதம் போடப்போவதாகச் சொன்னார். உடுப்பை என் மேசையில் வைத்து, "வடிவாத் தைச்சுத் தந்தியள். என்னட்டை இருந்தா அழுகை வரும். ஆருக்காவது குடுங்கோ," என்றார். போகும்போது என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நன்றி! அதை இப்போது நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது.

சனிக்கிழமை ஒரு புதுச்சேரிக்காரி வந்தார். பிரெஞ்சு அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவில் பாடுகிறவர், என் பழைய வாடிக்கை. புதுச் சட்டைக்குத் துணி கொடுத்துவிட்டு, சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க கை மாதிரி பாரீஸ்ல யாருக்கும் வராது. ஆனா பூசையில பாடறப்ப, மேல ரெண்டு கொக்கியை அவுத்து விட்டுட்டுத்தான் பாடறேன். முந்தானை மூடிடுது. சாமியாருக்கே தெரியாது!" என்று வாயைப் பொத்திச் சிரித்தார்.

"அவிழ்க்காமப் பாடினா என்ன செய்யும்?"

"பாதியில மூச்சு நின்னுடும்க்கா."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அதே பேச்சை வியாழக்கிழமை இதே மேசையில் கேட்டது ஞாபகம் வந்தது. அவர் போனதும் நீல உடுப்பை எடுத்து உட்புறத்தைத் திருப்பினேன். முதுகுப் பக்கம். நான் இறுக்கித் தைத்த இரண்டு மடிப்பு. அதன் ஓரத்தில் பட்டு பளபளப்புப் போய்த் தேய்ந்திருந்தது. சும்மா கிடந்த துணி அப்படித் தேயாது. ஆயிரம் தரம் விரிந்து ஆயிரம் தரம் மடிந்த துணிதான் அப்படித் தேயும். அந்த ஸ்டொக்ஹோம் தையல்காரன் வேலை தெரியாதவன் அல்ல. அவன் மூச்சுக்கு வாசல் வைத்திருந்தான். நான் அந்த வாசலைப் பூட்டி, மேலே இஸ்திரியும் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கறி வைத்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். என் மனிசன் அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். பிழை என்னுடையது என்று தெரிந்தால் ரூ பெர்தொனே முழுக்கச் சொல்லிச் சிரிக்கும் என்றேன். அந்த மனிசிக்குத் தையலைப் பற்றித் தெரியாது, நான் பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியவராது என்றும் சொன்னேன். வெட்கக்கேடுதான், ஆனால் சொன்னேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நீர் எனக்குத் தைச்ச சேட்டுக்குள்ளை நான் இருவது வருசமா வயித்தை எக்கிக்கொண்டு திரியிறன்," என்றார்.

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் ஒத்துக்கொள்ளுவீரே?" என்றவர், கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பரவாயில்லையப்பா. நான் பாடுறேல்லை. அந்த மனிசி பாடவேணுமெல்லே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாக ரயில் ஏறினேன். ஐந்து மாடி, லிஃப்ட் இல்லை. ஒரு கையில் உடுப்பு, மறு கையில் ஊசிநூல் பெட்டி. கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு திகைத்தார். சாப்பாட்டு மேசையில் கடிதம் எழுதி, உறையில் போட்டு, முத்திரையும் ஒட்டி வைத்திருந்தார்.

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்: "பிழை உங்கட குரலிலை இல்லை. என்ர தையலிலை."

அவர் என்னை உட்கார வைத்தார். தண்ணீர் தந்தார். முழுவதையும் கேட்டார். பிறகு என் தோளில் கையை வைத்து, மிகவும் அன்பாக, "உங்களுக்கு நல்ல மனசு மதாம்," என்றார். "ஆனா என்னைத் தேத்த வேண்டாம். நான் எத்தினையோ இறுக்கமான உடுப்புக்குள்ளை நிண்டு பாடினனான். உடுப்பிலை குறை சொல்லுற பாட்டுக்காரியைக் கண்டா எனக்குச் சிரிப்பு வரும்."

நான் ஏதேதோ எதிர்பார்த்துப் போனேன். கத்துவார், அழுவார், கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். என் குற்றத்தை இரக்கம் என்று எடுத்துக்கொள்வார் என்று நினைக்கவில்லை. எனக்குப் பொல்லாத கோபம் வந்துவிட்டது.

"நான் உங்களைத் தேத்த வரேல்லை!" என்று எழும்பிவிட்டேன். "பதினெட்டு வருசத்திலை நான் ஒருத்தருக்கும் என்ர தையல் பிழையெண்டு சொன்னதில்லை. பிழையா இருந்த நேரமும் சொன்னதில்லை. உங்களைச் சந்தோசப்படுத்த நான் என்ர தொழிலைப் பற்றிப் பொய் சொல்லுவனெண்டு நினைக்கிறியளோ? நீங்கள் இடம் விடச் சொன்னனீங்கள். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டு விடேல்லை. விளங்குதோ?"

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அந்தக் கோபத்தைத்தான் அவர் நம்பினார் என்று நினைக்கிறேன். மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்து, "பிரியுங்கோ," என்றார்.

கடிதத்தைத் தள்ளி வைத்துவிட்டு மேசையில் உடுப்பை விரித்து, பிளேடால் தையலைப் பிரித்தேன். இரண்டு மடிப்பும் விடுபட்டன. பக்கத் தையலிலும் விரல் அளவு விட்டேன். அவர் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். அளவு நாடாவை விலாவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "இப்ப பாடுங்கோ," என்றேன்.

அவர் மூச்சை இழுத்தார். நாடா என் விரல்களுக்குள்ளால் ஓடியது. நெஞ்சு அசையவில்லை, தோள் ஏறவில்லை. முதுகுதான் திறந்தது. ஒரு மனித முதுகு இப்படி இரண்டரை அங்குலம் அகலும் என்று இத்தனை வருடம் அளவெடுத்த எனக்குத் தெரியாது. நான் எல்லோரையும் சும்மா நிற்கச் சொல்லி அளந்தவள். பிறகு குரல் வந்தது. எழுபது வாத்தியத்துக்கு மேலால் கேட்கும் என்று அவர் சொன்னதை அந்தச் சின்ன அறையில் அப்போதுதான் நம்பினேன். கோப்பைகள் மெல்ல அதிர்ந்தன. நீளமான அந்த வரி போனது, போனது, அறுந்த இடத்தைத் தாண்டிப் போனது. முடிவில் உச்சியை எட்டும்போது மட்டும் குரல் கீறியது.

நான் பயந்துபோய் நாடாவை விட்டுவிட்டேன். அவர் திரும்பினார். கண்கள் நனைந்திருந்தன, ஆனால் சிரித்தார்.

"இது உங்கட தையல் இல்லை மதாம். இது என்ர வயசு. இதோடை நான் சண்டை பிடிக்கலாம்."

கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். முத்திரை வீணாய்ப்போச்சே என்று நான் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

அடுத்த ஞாயிறு கச்சேரி. என் மனிசன் பின்வரிசையில் கோட்டுப் போட்டுக்கொண்டு, வயிற்றை எக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தப் பாட்டுக்கார மனிசி மேடையின் பக்கவாட்டில், பியானோவுக்குப் பின்னால், தூணோரமாக ஒரு கதிரை போட்டு வைத்திருந்தார். எல்லோருக்கும் முகம், எனக்கு முதுகு. "நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தானே," என்றிருந்தார்.

பாட்டின் வார்த்தை ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. சுவீடன் மொழி, ஜெர்மன் மொழி, எல்லாம் ஒன்றுதான் எனக்கு. நான் துணியைப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நீலப் பட்டு விரியும், வரி முடிய மெல்ல அடங்கும். ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் அவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. பியானோ தணிந்தது. அவர் கைகளைத் தொங்கவிட்டு ஒரு கணம் சும்மா நின்றார். பயப்படுகிறார் என்று முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. பிறகு இரண்டு பக்கமும் முழுவதாகத் திறந்தது, இனித் திறக்க இடமில்லை என்ற அளவுக்கு. குரல் புறப்பட்டது. நான் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். அறுந்த இடம் வந்தது, போனது. உச்சி வந்தது. மெல்லியதாக, நூல் அளவுதான் வந்தது. ஆனால் கீறாமல் வந்தது. வந்து நின்றது. அந்த முதுகு அசையாமல் அதைத் தாங்கிக்கொண்டு நின்றது. அவர் தானாக விடுகிற வரைக்கும் அது போகவில்லை.

யாரும் கைதட்டவில்லை. இனித்தான் தட்ட வேண்டும் என்ற அந்த மௌனத்தில், என்னை அறியாமல், கடைக்குள் கூப்பிடுகிற சத்தத்தில், "ஓம்!" என்று சொல்லிவிட்டேன்.

தேவாலயம் முழுக்கத் தூணைத் திரும்பிப் பார்த்தது. அவரும் திரும்பினார். சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "ஓம்," என்று என் சொல்லையே திருப்பிச் சொன்னார். பிறகுதான் மற்றவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள்.